உம்மேலயா?

கபாலியிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் தலையில் மூட்டை இருக்கும்போது கேட்க வேண்டும். தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இதைச் சொல்லிவிட்டார்கள். கேலி என்றுதான் நினைத்தேன்.

மூட்டை இல்லாதபோது கபாலி பேசுவது காதில் விழும், பிடிபடாது. நாக்கு அண்ணத்தைத் தொடாமலே திரும்பிவிடும். 'கீது' என்பது 'ஈது' ஆகும். 'வர்து' என்பது 'அத்து'. பீர் முஹம்மது வெறும் 'ஈ அம்மது'. பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். கடையில் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். சேல்ஸ் பெண்கள் கொழகொழா என்பார்கள். சூப்பர்வைசர் உளறல் என்பார். வாசல் காவலாளி, "ஸ்டேசன் கெடைக்கல" என்று காதைத் திருகிக் காட்டுவார்.

நான் நான்காம் மாடியில் துணிகளுக்கு விலைச்சீட்டு அச்சடிக்கும் பிரிவில் இருக்கிறேன். கூட்டம் இல்லாத நாட்களில் ஸ்டிக்கர் உரித்த தாளின் பின்பக்கம் அந்தச் சொற்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். முணுமுணுப்பு, முனகல், உளறல், பிதற்றல், திக்கல், குழறல். முணுமுணுப்பவன் எதையோ மறைக்கிறான். பிதற்றுபவனுக்குத் தான் சொல்வது தெரியாது. கபாலி எதையும் மறைக்கவில்லை, சொல்ல வந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் குழறல் என்பதை மட்டும் விட்டு வைத்தேன்.

எங்கள் கடையில் சரக்குக்கென்று லிஃப்ட் கிடையாது. பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்புக் கம்பி, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் வரும் பேல்கள், அதாவது கோணியில் கட்டிய துணி மூட்டைகள், ஒவ்வொன்றும் அறுபது கிலோ இருக்கும். கீழிருந்து மூன்றாம் மாடித் திருப்பம் வரை ஒருவர், அங்கிருந்து ஐந்தாம் மாடி வரை இன்னொருவர். திருப்பத்தில் இறக்கி வைக்க இடமில்லை. இறக்கினால் மறுபடி ஏற்ற மூன்று பேர் வேண்டும். அதனால் தலையிலிருந்து தலைக்கே மாற்றுவார்கள். நெற்றியோடு நெற்றி முட்டும் தூரத்தில் இருவரும் நிற்பார்கள். மூட்டை மெல்ல நகரும். அந்த நேரத்தில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கொடுப்பவர், "உம்மேலயா?" என்று கேட்பார். வாங்குபவர், "எம்மேல" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கொடுப்பவர் கையை எடுப்பார். தலையாட்டினால் தெரியாது. 'ம்' கொட்டினால் செல்லாது.

சுமையோடு இருக்கிறவன் பேச்சு யாருக்குமே தெளிவாக இருக்காது. தாடை இறுகிவிடும், சொல்லெல்லாம் மூக்கு வழியாக வரும். பீர் முஹம்மது கீழே இருந்தால் எட்டு ஊருக்குக் கேட்கும்படி பேசுவார், தலையில் பேல் ஏறியதும் ஊமை மாதிரி முனகுவார். கபாலிக்கு மட்டும் அது தலைகீழ்.

நான் முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டிக்கர் சுருளோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "வாரேன், வாரேன். செவுரோட ஒட்டி நில்லுங்க." கனமான, நிதானமான குரல். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே விழுந்தது. யாரோ மேலதிகாரி என்று நினைத்து ஒதுங்கினேன். கோணி போர்த்திய பேல் ஒன்று என்னை உரசிக்கொண்டு மேலே போனது. அதன் அடியில் கபாலி. கண்கள் சிவந்து படியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு அசைந்த மாதிரி எனக்கு நினைவில்லை.

சென்ற தை மாதம் லோடுமேன்களுக்கு நலவாரிய அட்டை வாங்குவதற்காக விண்ணப்பம் நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதில் 'தொழிலின் தன்மை' என்று ஒரு கட்டம். பீர் முஹம்மதுவிடம் கேட்டேன்.

"கூலின்னு போடட்டுமாண்ணே?"

"கூலின்றது வாங்கறது நைனா. நா செய்யறது வேற."

"பின்ன என்ன போட?"

"மாடுன்னு போடு. பக்கத்துலயே ரெண்டு காலுன்னு போட்டுக்க, இல்லாட்டி கொட்டாய்ல கட்டிடப் போறானுங்க."

'சுமைப்பணியாளர்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "யார்டா அவன், கெவர்மென்ட் ஆபீசரு மாரி கீறான்" என்றார்.

கபாலி முறை வந்தபோது மூன்று தடவை கேட்டும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். "மூட்டையோட வர்றப்ப கேளு, சோக்கா சொல்லுவான்" என்றார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் காத்திருந்தேன். சுமையோடு நிற்பவரை எழுதி முடிக்கும் வரை நிறுத்தி வைக்கக் கூடாதென்று செல்போனில் பதிவுசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பேல் மேலே வந்து என் முன்னால் நின்றது.

"பேரு சொல்லுங்கண்ணே."

"கபாலின்னு எழுதிக்கிடும்."

"அப்பா பேரு?"

"கன்னியப்பன்னு சொல்லுவான்."

"சொந்த ஊரு?"

"மயிலாப்பூருங்கான்."

"தொழில் என்னன்னு போடட்டும்?"

பேலின் அடியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை என் தாளில் விழுந்து மை பரவியது.

"நிக்கது" என்றது குரல். "நிக்கதுதான் நம்ம தொழிலு. வாங்க ஆளு வருத வரைக்கும் நிக்கணும்லா."

அப்புறம் அதே நிதானத்தில், "ஒம்மேலயா?" என்று கேட்டது.

வழக்கமாக பீர் முஹம்மது நிற்கும் இடத்தில் நான் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. 'ம்' என்று வாயெடுக்கப் போனேன். மேலிருந்து பீர் முஹம்மது இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். "எம்மேல. எம்மேல. எம்மேலடா" என்று மூன்று தடவை கத்தினார். மூட்டை கைமாறிய பிறகு என் பக்கம் திரும்பி, இறுகிய தாடையோடு ஏதோ முனகிவிட்டுப் போனார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் அதைத் தெளிவாகச் சொன்னார்.

"அவன் எதிர்ல நின்னுக்கினு 'ம்' கொட்ற வேலையெல்லாம் வாணாம். இன்னா, புரிதா?"

பதிவைப் பார்த்தேன். நாலு நிமிடத்துக்கு எட்டு விநாடி குறைவு. அவ்வளவு நேரம் ஒரு மனிதரை அறுபது கிலோவோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் கவனித்தேன். 'சொல்லுவான்', 'மயிலாப்பூருங்கான்'. தன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார்.

மாசியில் கபாலியின் மகள் அனன்யாவுக்கு நிச்சயம் என்று முடிவானது. அனன்யா அடையாறில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். மாப்பிள்ளை சக்திவேல், வடபழனியில் பைக் மெக்கானிக். கபாலியின் விண்ணப்பத்தில் கைநாட்டு விட்டுப்போயிருந்தது, அவரும் லீவில் இருந்தார், அதை வாங்க நான் மந்தைவெளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆட்டோ நுழையாத சந்தில் ஓர் அறையும் அடுப்படியும். அவர் மனைவி ஸ்வர்ணலதா புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தார். பீர் முஹம்மதுவும் வந்திருந்தார்.

கபாலி ஏதோ குழறினார்.

"சக்கர டப்பாக்குப் பின்னாடிதான் கீது, நல்லாப் பாரு" என்றார் ஸ்வர்ணலதா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுபடி குழறினார்.

"ஆமா, உங்க அக்கா வந்துச்சின்னா தட்டு நெறைய வெச்சுக் குடு."

அந்த வீட்டில் யாருக்கும் அது குழறலாகக் கேட்கவில்லை. அனன்யா அப்பாவோடு சண்டை போட்டாள், சிரித்தாள், ஒரு சொல்லையும் திருப்பிக் கேட்கவில்லை. நான் மட்டும்தான் வேற்று நாட்டில் உட்கார்ந்திருப்பவன் போல் இருந்தேன்.

அவர்களுடைய கவலை என்னவென்று அன்றுதான் தெரிந்தது. நிச்சயத் தட்டை மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபை நடுவே நின்று, "பொண்ணு உங்களுது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா கறாரான ஆளாம். "எல்லார் காதுலயும் உழணும். அவரால முடியாதுன்னா தாய்மாமன் சொல்லட்டும், தப்பில்ல" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கபாலி நெஞ்சில் பட்டென்று அடித்துக்கொண்டார். என்னவோ சொன்னார்.

"'பெத்தவன் நானு, வாயி இன்னொருத்தனுதா'ன்றாரு" என்றாள் அனன்யா. பிறகு என்னைப் பார்த்தாள். "கடைல அப்பா நியூஸ் படிக்கிறவங்க மாரி பேசுவாராமே, மெய்தானா? நாங்க யாருமே கேட்டதில்ல."

"மூட்ட வெச்சா பேசுவான்" என்றார் பீர் முஹம்மது. "அன்னிக்கி அரிசி மூட்ட ஒண்ணு தலைல வெச்சிடலாம். எங்க பரம்பர சடங்குன்னு சொல்லிக்கலாம். மாப்ள வூட்டுக்காரங்க இன்னா எண்ணிப் பாக்கவா போறாங்க."

அவர் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். அனன்யா சிரித்தாள். கபாலி டீ வாங்கிவர தூக்குவாளியோடு வெளியே போனார்.

என் செல்போனில் அந்தப் பதிவு இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று இருந்தது, என்னிடம் அது இருந்தது. போட்டுக் காட்டினேன்.

"கபாலின்னு எழுதிக்கிடும்" என்றது செல்போன்.

ஸ்வர்ணலதாவின் ஊசி நின்றது. முழுவதும் கேட்டார். "யாரு இது?" என்றார்.

"அண்ணன்தான்."

"எங்க வூட்டாரு இல்ல. இருவத்தாறு வருசமா கேட்டுக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா? அவரு எங்க 'எழுதிக்கிடும்'னு பேசுவாரு? இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் கை மெல்லப் புடவையை மடியிலிருந்து விலக்கியது.

"இது இசக்கிண்ணன்" என்றார். "இந்தா, இந்த எடத்துல குந்தி எத்தினி வாட்டி சாப்டுக்குது. அண்ணன் செத்து ஏழு வருசம் ஆவுது."

அந்த நேரத்தில்தான் செல்போன், "ஒம்மேலயா?" என்று கேட்டது. வாசலில் நிழல் விழுந்தது. கபாலி தூக்குவாளியோடு நின்றிருந்தார். அவருடைய இடது கை தானாக மேலே போய், தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், இல்லாத எதையோ பிடித்துக்கொண்டது. கழுத்து உள்ளே இறங்கியது. சந்தில் ஒரு பையன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான்.

ஸ்வர்ணலதா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "மூட்டயும் வாணாம் ஒண்ணும் வாணாம். உன் வாய்ல இன்னா வர்தோ அத்த சொல்லு. அந்தக் கொரல்ல எம்பொண்ணக் குடுக்க வாணாம்." பிறகு என்னிடம், "அத்த அழிச்சுடு தம்பி" என்றார். அவர் பார்க்கும்படியே அழித்தேன்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தம் வரை பீர் முஹம்மது கூட வந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

ஏழு வருடங்களுக்கு முன் படிக்கட்டின் கீழ்ப்பாதி இசக்கிமுத்துவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்றாம் மாடித் திருப்பத்தில் வாங்குபவர் கபாலி. இசக்கிமுத்து "ஒம்மேலயா?" என்பார், கபாலி தன் குழறலில் "எம்மேல" என்பார். மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் இசக்கிமுத்துவுக்குப் புரியும். ஒருநாள் கபாலிக்குக் கால் சரியாக ஊன்றவில்லை. "எம்மேல இல்ல" என்று சொல்லியிருக்கிறார். 'இல்ல' என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இசக்கிமுத்து கையை எடுத்தார்.

"பேலு அவன் மேலயே சாஞ்சுக்கினு உருண்டுச்சு. பன்னண்டு படி. மூணு நாளு ஆஸ்பத்திரில இருந்தான். கண்ணு தொறந்துக்கினே இருந்துச்சு, 'ஒம்மேலயா, ஒம்மேலயா'ன்னு அதையேதான் கேட்டுக்கினு இருந்தான். கபாலி கட்டிலாண்ட நின்னு 'எம்மேல'ன்னு சொல்றான், சொல்றான், இவன் சொல்றது அவனுக்கு எங்க கேக்குது."

அதன்பிறகு கபாலி மேல் பாதிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாராம். கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டார். அங்கே கொடுப்பது மட்டும்தான். வாங்கவோ "எம்மேல" என்று சொல்லவோ வேண்டியதில்லை.

"மொத நாளு நா திருப்பத்துல நின்னுக்கினு கீறேன். கீழருந்து 'வாரேன்'னு கொரலு வருது. பேலுக்கு அடில பாத்தா கபாலி." பீர் முஹம்மது வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னிலருந்து ஒவ்வொரு வாட்டியும் நா கத்திதான் சொல்றேன், 'எம்மேல'ன்னு. காதுல உழட்டும்னு. ஆனா அவன் என்னியா கேக்குறான்? சொல்ல வேண்டியவன் நா இல்லியே."

21ஜி வந்தது. ஏறிக்கொண்டேன்.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளியிலேயே ஒரு மாடி ஹாலில் நடந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ஜன்னல் வழியாக வெயில் நன்றாக அடித்தது. கபாலி வெள்ளை வேட்டி சட்டையில் தோளில் புதுத் துண்டோடு இருந்தார். அனன்யா மெரூன் பட்டு. நானும் பீர் முஹம்மதுவும் சுவரோரமாக நின்றோம்.

பெரியப்பா மீசையை நீவிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமே" என்றார்.

கபாலி பித்தளைத் தட்டைக் கையில் எடுத்தார். தேங்காய், பழம், வெற்றிலை, மேலே மடித்து வைத்த புடவை. சபையைப் பார்த்து நின்று வாயைத் திறந்தார். "ஒ.. உ..அ..து."

யாரோ ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். பெரியப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "இன்னாங்க அது? வாய்ல வெத்தலயா?"

"வெத்தல தட்டுலதாங்க கீது" என்றார் பீர் முஹம்மது. சிலர் சிரித்தார்கள்.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. இல்லியா, தாய்மாமனக் கூப்டுங்க. இதுல இன்னா கௌரவம்?"

கபாலியின் முகம் இருண்டது. தட்டு கையில் நடுங்கியது. அப்போது அவர் என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முப்பது வருடமாகக் கை நடுங்கினால் அந்த உடம்பு என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஒரு கையால் தோள் துண்டை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றித் தலையில் சும்மாடாக வைத்தார். தட்டைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"அய்யோ, எறக்கு" என்றார் ஸ்வர்ணலதா, மெதுவாக.

கபாலியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பித்தளைத் தட்டுக்கு அப்படிப் புடைக்கக் கூடாது.

"பொண்ணு ஒங்களுதுதான்" என்றது குரல். "எடுத்துக்கிடுங்க."

ஹால் முழுக்கக் கேட்டது. "அட, எவ்ளோ சுத்தமா கீது" என்றார் ஒருவர். பெரியப்பா முகம் மலர்ந்தது. ஒரு விரலை உயர்த்தினார். குரல் மறுபடி சொன்னது. இரண்டாவது விரலை உயர்த்தினார். மூன்றாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தட்டை வாங்கிக்கொள்ள சக்திவேல் சிரித்த முகத்தோடு எதிரே வந்து நின்று கையை நீட்டினான்.

"ஒம்மேலயா?" என்றது குரல்.

சக்திவேல் விழித்தான். "ம்" என்றான்.

"தெளிவாச் சொல்லுடே. ம்முன்னா நா எப்படி விட?"

சிரிப்பு நின்றுவிட்டது. கபாலியின் காதோரம் வேர்வை வழிந்து புதுச் சட்டைக் காலரை நனைத்தது.

"ஒம்மேலயா?"

அனன்யா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "யாராச்சும் சொல்லுங்களேன், எங்கப்பா எவ்ளோ நேரம் நிப்பாரு" என்றாள். பிறகு தட்டின் எதிரே வந்து நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தாள். அப்பாவின் படிக்கட்டுக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். என்ன சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

"வாணாம்மா" என்று பீர் முஹம்மது பாய்ந்தார்.

அதற்கு முன்னால் கபாலியின் வாயிலிருந்தே இன்னொரு குரல் வந்தது. நாக்கு அண்ணத்தைத் தேடுவது வெளியே தெரிந்தது. தாடை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது.

"எ.. ம்.. மே.. ல."

அது குழறல்தான். ஆனால் அந்த ஹாலில் அதைத் தவறாகக் கேட்டவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது.

கபாலி ஒரு முழம் இறங்கினார். முட்டி தரையில் இடித்த சத்தம் கேட்டது. ஆனால் விழவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். பீர் முஹம்மது தட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

தட்டு இறங்கியும் கபாலியின் கழுத்து நிமிரவில்லை.

அப்படியே குனிந்த கழுத்தோடு மகளைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து சக்திவேல் பக்கம் நகர்த்தினார். "ஒ.. உ..அ..து" என்றார். அவருடைய சொந்தக் குரலில், சொந்தக் குழறலில்.

பெரியப்பா மூன்றாவது விரலை உயர்த்தவில்லை. கையை மடியில் இறக்கிக்கொண்டார். "கேட்டுச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார்கள். ஸ்வர்ணலதா மட்டும் கணவரின் தலைக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். சித்திரையில் கல்யாணமும் நடந்தது. அனன்யா இப்போது வடபழனியில் இருக்கிறாள். போனில் பேசுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

கபாலி இப்போது பேலுக்கு அடியிலும் குழறுகிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய கேலி தெரியாது. படிக்கட்டில் 'வாரேன்' என்ற குரல் கேட்பதில்லை. இறங்கும்போதுதான் எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. கை இரண்டும் காலியாக, தலையில் ஒன்றுமில்லாமல், ஏறும்போது இருந்த அதே கழுத்தோடு அவர் இறங்கி வருகிறார். வழியில் இருக்கும் குழல்விளக்கு தலைக்கு நாலு அடி மேலே இருக்கிறது. அதற்குக் குனிந்து போகிறார்.

இத்தனை மாதத்தில் எனக்கும் அவர் பேச்சு பழகிவிட்டது. 'ஈது' என்றால் கீது. 'அத்து' என்றால் வர்து.

சாயங்காலம் ஆறு மணிக்கு லோடுமேன்கள் கீழ்த்தளத்தில் கைகால் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். பீர் முஹம்மது சட்டை பட்டனைப் போட்டபடி தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பார்.

"இன்னாடா, இன்னும் இருக்குதா?"

கபாலி அவரை நிமிர்ந்து பார்க்க முயல்வார். கழுத்து இடம் கொடுக்காது.

"இ..க்கு."

"இருக்குதாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பீர் முஹம்மது இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்துவிடுவார்.

கபாலி 'இருக்கு' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு எப்போதும் கீதுதான். அது பீர் முஹம்மதுவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் சொல்வது 'இறக்கு'.

நேற்று அவர் போன பிறகு கபாலி என் பக்கம் திரும்பி அதையே சொன்னார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.